தங்கச்சி கிணற்றடியை விட்டு வருகிறாள் இல்லை: ஓசிடி பற்றிக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்

வாவியோரம் (களுவாஞ்சிகுடி)

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தங்கச்சிக்கு 18 வயது. உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள், கெட்டிக்காரி. ஒரு வருடத்துக்கு மேலாக அவளுடைய கை கழுவல் கூடிக்கொண்டே வருகிறது. காசைத் தொட்டால், கதவுப் பிடியைத் தொட்டால், பஸ்ஸில் போய் வந்தால் நேரே கிணற்றடிதான். ஒரு சவர்க்காரக் கட்டி இரண்டு நாளைக்குக் காணாது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து இரத்தம் கசிகிறது.

இவ்வளவும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அண்மையில்தான் வேறு சிலதையும் கவனித்தேன். "அம்மா, என்ட கை அந்தச் சுவரில பட்டதா, நீங்க பார்த்தீங்களா?" என்று கேட்பாள். அம்மா இல்லை என்றதும் முகம் தெளியும். கொஞ்ச நேரத்தில் அதே கேள்வி திரும்ப வரும். இரவில் படுக்கும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுக்கிறாள். இடையில் யாராவது கூப்பிட்டால் முதலிலிருந்து தொடங்குகிறாள்.

துடக்கு, அதாவது தீட்டு, பட்டுவிட்டது, மந்திரிக்கிற கட்டாடியாரிடம் கொண்டுபோய் நூல் கட்டுங்கள் என்கிறார் அம்மம்மா. அப்பா ஒருநாள் கிணற்று வாளியை ஒளித்து வைத்தார். அன்று வீட்டில் நடந்ததை எழுத விருப்பமில்லை. ஆலோசனை கேட்கப் போன ஓரிடத்தில் "அதை நினைக்காமல் இரு மகள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

என் கேள்வி ஒன்றுதான். அவளே சொல்கிறாள்: "எனக்குத் தெரியும் அண்ணா, இது அர்த்தமில்லாத வேலை. ஆனா கழுவாம இருக்க ஏலாது." தெரிந்த பிள்ளையால் ஏன் நிறுத்த முடியவில்லை?

இரவுப்பணி (மட்டக்களப்பு)

தம்பி, நான் மனநல வார்ட்டில் பல காலம் வேலை செய்த தாதி. மருத்துவர் இல்லை. ஓசிடிதானா, அதாவது விடாத எண்ணமும் கட்டாயச் செயலும் சேர்ந்து வருகிற மனநோய்தானா, என்று உறுதி செய்வது மனநல மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் எழுதியதை வாசித்தால், கட்டாயம் காட்ட வேண்டிய பிள்ளை என்று தயங்காமல் சொல்வேன்.

முதலில், வீட்டில் எல்லோரும் பார்ப்பது கழுவலை. அது வெளியே தெரிகிற பாகம். உள்ளே அதற்கு முன்பே ஒன்று நடக்கிறது. அவள் கேட்காமலே ஓர் எண்ணம் வந்து விழுகிறது: "இந்தக் கையோடு சாப்பாட்டைத் தொட்டால் அம்மாவுக்கு ஏதும் வந்துவிடும்." சொல்லாக வரலாம், படமாக வரலாம், ஏதோ செய்துவிடுவேனோ என்ற உந்துதலாகவும் வரலாம். அவளுக்கு அது பிடிக்காது. தள்ளத் தள்ளத் திரும்ப வரும். இதுதான் விடாத எண்ணம். அது கிளப்புகிற பயத்தையோ அருவருப்பையோ இறக்குவதற்காகச் செய்வது கட்டாயச் செயல். கழுவல் ஒரு கட்டாயச் செயல். அம்மாவிடம் கேட்பதும் அதே வேலைதான். இரவில் முணுமுணுப்பதும் அதேதான். கை அசையாமல், மனதுக்குள்ளேயே எண்ணுவது, மந்திரம் சொல்வது, நடந்ததை ஓட்டிப் பார்ப்பது எல்லாம் இதற்குள் வரும். இவை வெளியே தெரியாததால் பல பேர் வருடக் கணக்கில் பிடிபடாமலே இருக்கிறார்கள்.

இனி உங்கள் கேள்வி. அவளுக்குத் தெரிந்திருப்பது "அநேகமாக ஒன்றும் ஆகாது" என்பது. அவளுடைய பயம் கேட்பது "நூற்றுக்கு நூறு ஆகாதா?" என்று. அந்த நூற்றுக்கு நூறு யாருக்கும் கிடைப்பதில்லை. நாங்கள் அது இல்லாமலே சாப்பிட்டுப் படுத்து எழும்புகிறோம். அவளால் முடியவில்லை. கழுவுகிறாள், பயம் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் பொறி. "கழுவினேன், அதனால் தப்பினேன்" என்று உடம்பு படித்துக்கொள்கிறது. கழுவாமலே விட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது என்பதைப் படிக்க அதற்குச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. அடுத்த தடவை எண்ணம் இன்னும் பலமாக வரும், கழுவல் இன்னும் நீளும். அறிவு குறைந்ததால் வருவதில்லை இது. புத்திசாலிப் பிள்ளைகளுக்கு, தான் செய்வது அர்த்தமில்லை என்று தெரிவதே தனி வேதனை.

கல்லடிப்பாலம்

தாதி அக்கா எழுதியதில் ஒரு சொல்லும் மிகை இல்லை. நான் ஓசிடியோடு வாழ்கிறவன். எனக்குக் கழுவல் இல்லை, பார்த்தல்.

மோட்டார் சைக்கிளில் போவேன். பள்ளம் ஒன்றில் சில்லு விழுந்து எழும்பும். உடனே, "யாரையாவது இடித்துவிட்டேனோ?" பாலத்தைத் தாண்டிப் போன பிறகும் திரும்பி வந்து பார்ப்பேன். ஒன்றும் இருக்காது. போகத் தொடங்குவேன். "சரியாகப் பார்த்தேனா? ஓரத்துப் பற்றைக்குள் கிடந்தால்?" திரும்ப வருவேன். வேலைக்குப் பிந்துவேன். வீட்டில் கேஸ் அடுப்பும் அப்படித்தான், முன் கதவுப் பூட்டும் அப்படித்தான். திறப்பைக் கையில் வைத்துக்கொண்டே பூட்டினேனா என்று யோசிப்பேன்.

பார்க்கப் பார்க்கத் தெளிவு வர வேண்டும்தானே? எனக்குக் குறைந்துகொண்டே போனது. இது என் கற்பனை இல்லை என்று பிறகு அறிந்தேன். 2003 இல் நெதர்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் கணினித் திரையில் ஒரு கேஸ் அடுப்பை வைத்து, எந்த நோயும் இல்லாதவர்களைத் திரும்பத் திரும்ப அதைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் எதைச் சோதித்தோம் என்பது அவர்களுக்குச் சரியாகவே நினைவிருந்தது. ஆனால் அந்த நினைவில் நம்பிக்கை போய்விட்டது, காட்சியும் மங்கிவிட்டது. நோய் இல்லாதவர்களுக்கே அப்படி! சந்தேகத்தால் பார்க்கிறோம், பார்ப்பதால் சந்தேகம் வளர்கிறது. இதை வாசித்த அன்று எனக்குப் பெரிய பாரம் இறங்கியது.

பழுகாமத்து மூத்தவர்

பிள்ளைகள் கோபிக்கக் கூடாது. என் தாயார் செத்த வீட்டுக்குப் போய் வந்தால் தலையோடு தோய்ந்துதான் வாசல்படி மிதிப்பார். பிள்ளை பெற்ற வீட்டுத் துடக்கென்றால் 31 நாள் அந்தப் பக்கம் போகமாட்டார். சடங்கு காலத்தில் சமைத்த சட்டியைக்கூட வேறாக வைப்பார். இப்போது இருந்திருந்தால் அவரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்களா? சுத்தபத்தம் எங்கள் ஊர்ப் பழக்கம். எல்லாவற்றுக்கும் ஒரு வியாதிப் பெயர் வைப்பது சரியாகப் படவில்லை.

ஆரையம்பதி மருமகள்

ஐயா, உங்கள் தாயாரை யாரும் நோயாளி என்று சொல்லவில்லை. உங்கள் கேள்வி நியாயமானது, அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் கதவு திறந்தால், குளிர்த்தியோடு சடங்கு முடிகிறது. எத்தனை கட்டுப்பாடு இருந்தாலும் தொடக்கமும் முடிவும் உண்டு. ஊரே சேர்ந்து செய்கிறது. முடிந்ததும் மனம் நிறைகிறது. உங்கள் தாயார் தலையோடு தோய்ந்தார், உள்ளே வந்தார், சோறு போட்டார். அவ்வளவுதான். இந்தத் தங்கச்சிக்குத் தோய்ந்து முடியவில்லை ஐயா. முடிந்தது என்று சொல்ல அவளுக்குள் ஆளில்லை. ஊரில் வேறு யாரும் செய்யாத அளவுக்குச் செய்கிறாள், தனியாக, ஒளித்து, அழுதுகொண்டு. அம்மம்மாவிடமே கேட்டுப் பாருங்கள், துடக்குக் கழிக்க இரத்தம் வரும் வரை கழுவச் சொல்லி எந்தப் பெரியவர் சொன்னார்?

இரவுப்பணி

மருமகள் சொன்னதோடு மருத்துவர்கள் பார்க்கிற அளவையும் சேர்க்கிறேன். நாளில் 1 மணித்தியாலத்துக்கு மேல் இதிலேயே போகிறதா, அல்லது படிப்பு, வேலை, உறவு குலைகிறதா, ஆளுக்குக் கடும் வேதனையா? இவைதான் கேள்வி. சுத்தம் பிடித்தவர், அடுக்கு ஒழுங்கு பிடித்தவர் எல்லாம் ஓசிடிக்காரர் ஆகமாட்டார். அவர்களுக்கு அந்த ஒழுங்கு சந்தோஷம் தரும். ஓசிடி சந்தோஷம் தந்ததாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. 100 பேரில் 2 பேர் அளவில் வாழ்நாளில் இதற்கு ஆளாகிறார்கள். கூடுதலாகத் தொடங்குவது பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்.

கடற்கரை வீதி (காத்தான்குடி)

எங்கள் பக்கத்தில் இது வுழூவில், தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவதில், தெரியும். என் சாச்சாவின் மகன் பள்ளிவாசல் ஹவுளடியில், தண்ணீர்த் தொட்டியடியில், நின்றால் ஜமாஅத் தொழுகையே முடிந்துவிடும். முழங்கை நனைந்ததா, தலையை ஈரக் கையால் தடவி மஸ்ஹு செய்தேனா, காற்றுப் பிரிந்ததா? தொழுகைக்குள் போனால் "அல்லாஹு அக்பர்" என்ற தக்பீர் சரியாக வந்ததா என்று திரும்பத் திரும்பக் கட்டுவான். வீட்டில் பேணுதலான பிள்ளை என்று முதலில் சந்தோஷப்பட்டார்கள். அப்புறம்தான் அவன் தொழவே பயப்படுகிறான் என்று தெரிந்தது.

விளக்கமான ஒரு மௌலவியிடம் போனோம். அவர் சொன்னது இன்றும் உதவுகிறது. உறுதியானதைச் சந்தேகம் போக்காது என்பது மார்க்கச் சட்டத்தின் அடிப்படை விதி. உறுப்பை மூன்று தடவைக்கு மேல் கழுவக் கூடாது. ரஸூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் ஒரு லீட்டருக்கும் குறைந்த தண்ணீரில் வுழூ செய்திருக்கிறார்கள். நபித் தோழர்களான ஸஹாபாக்கள் வந்து, வாயால் சொல்லவே கூசுகிற எண்ணங்கள் எங்களுக்கு வருகின்றன என்று முறையிட்டபோது, அப்படிக் கூசுவதே தெளிவான ஈமான், இறைநம்பிக்கை, என்று சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. வஸ்வாஸை, மனதில் ஓயாமல் வருகிற இந்த ஊசாட்டத்தை, நோயாகவும் பார்த்து எழுதியவர்கள் எங்களிடம் இருந்திருக்கிறார்கள். அபூ ஸைத் அல்பல்கீ என்ற அறிஞர் ஆயிரம் வருடத்துக்கு முன்பே மனதின் பிணிகளில் ஒன்றாக இதைத் தனியாக எழுதி, எப்படிக் கையாளுவது என்றும் சொல்லியிருக்கிறார்.

அதே மௌலவிதான் ஆஸ்பத்திரிக்கும் போகச் சொன்னார். ஒரு தடவை விளக்கம் தந்தார். அடுத்தடுத்த நாளும் அதே கேள்வியோடு அவன் போனபோது, "மகன், இதற்குப் பதில் சொல்லிவிட்டேன், இனி இந்தக் கேள்விக்கு நான் பதில் தரமாட்டேன்" என்றாராம். அப்போது எங்களுக்கு அது கடுமையாகப் பட்டது. தாதி அக்கா எழுதியதை வாசித்தபோதுதான் ஏன் என்று விளங்குகிறது.

பெயர் வேண்டாம்

இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். பிள்ளை பிறந்து ஒரு மாதம் இருக்கும். குசினியில் கத்தியைக் கண்டால் பிள்ளையைக் குத்துவது மாதிரி ஒரு படம் தலைக்குள் வரும். குளிப்பாட்டும்போது தண்ணீருக்குள் அமுக்கிவிடுவேனோ என்று வரும். என் உயிரே அந்தப் பிள்ளைதான். கத்திகளை எல்லாம் உயரத்தில் வைத்துவிட்டேன். பிள்ளையைத் தனியாகத் தூக்குவதில்லை, மாமியைக் கூப்பிடுவேன். எனக்குப் பேய் பிடித்திருக்கிறதா, நான் கொலைகாரியா என்று இரவு முழுக்க யோசிக்கிறேன். மிட்வைஃப் வந்து கேட்டால் "நல்லா இருக்கிறேன்" என்றுதான் சொல்கிறேன். சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்று பயம்.

இரவுப்பணி

தங்கச்சி, இதை எழுதியது நல்லது. ஆறுதலாக வாசியுங்கள்.

பிள்ளை பெற்ற காலத்தில் ஓசிடி புதிதாகத் தொடங்குவதும் கூடுவதும் உண்டு. நீங்கள் எழுதியது மாதிரியான எண்ணங்கள் அதில் மிகப் பொதுவானவை. ஓசிடி ஆளுக்கு எது அதிக அருமையோ அதைத்தான் பிடிக்கும். பிள்ளையை உயிராக நினைப்பவருக்குப் பிள்ளை பற்றி வரும், பக்தி உள்ளவருக்குச் சாமி பற்றிக் கூடாத எண்ணம் வரும். அந்த எண்ணத்தைக் கண்டு நீங்கள் நடுங்குகிறீர்கள், கத்தியை ஒளிக்கிறீர்கள். ஓசிடியில் வருகிற இந்த எண்ணம் செய்ய விரும்பியதால் வருவதில்லை.

இந்த விஷயத்தில் ஒரு திருப்பத்தைத் தந்தவர்களில் ஒருவர் எங்கள் நாட்டவர். இலங்கையரான பத்மல் டி சில்வா, லண்டனில் ஸ்டான்லி ராக்மன் என்பவரோடு சேர்ந்து 1978 இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நோய் இல்லாத சாதாரண ஆட்களிடம் கேட்டார்கள்: வேண்டாத எண்ணங்கள் உங்களுக்கு வருமா? பெரும்பாலானவர்கள் வரும் என்றார்கள். ஆளை அடிப்பது, உயரத்திலிருந்து குதிப்பது, அசிங்கமானது, எல்லாம். எழுதிய எண்ணங்களை மட்டும் வாசித்தால், எது நோயாளியுடையது, எது மற்றவருடையது என்று பிரிப்பது நிபுணர்களுக்கே சுலபமாக இருக்கவில்லை. 2014 இல் வெளியான இன்னோர் ஆய்வில் 13 நாடுகளின் பல்கலைக்கழக மாணவர்களைக் கேட்டபோது, முந்திய மூன்று மாதத்துக்குள் ஒன்றாவது வந்தது என்றவர்கள் 94 வீதம். எண்ணம் எல்லோருக்கும் வருகிறது. "இப்படி வந்ததென்றால் நான் எப்படிப்பட்டவள்?" என்று அதற்குப் பொருள் கொடுத்து, அதைத் தடுக்கும் பொறுப்பு முழுக்கத் தன் தலையில் என்று எடுக்கும்போதுதான் அது பிடித்துக்கொள்கிறது.

ஆனால் ஒன்று, இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். பிள்ளை பெற்ற தாய்க்குக் காதில் குரல் கேட்பது, பிள்ளை பற்றி நடக்க முடியாததை உண்மை என்று நம்புவது, தூக்கமே இல்லாமல் குழம்பிப் பேசுவது, அந்த எண்ணம் சரி என்றே படுவது என்று இருந்தால் அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசரம். தனக்குத் தீங்கு செய்யலாம் என்று தோன்றினாலும் அப்படித்தான். உங்களுக்கு அது இல்லாவிட்டாலும், மிட்வைஃப்பிடம் இந்தப் பதிவை அப்படியே காட்டுங்கள். வாயால் சொல்ல வேண்டியதில்லை. வெளியே போக முடியாத நேரத்தில் 1926 க்கு எடுக்கலாம். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இலவசம், இரவிலும் எடுப்பார்கள்.

பெயர் வேண்டாம்

அழுதுகொண்டு வாசித்தேன். மிட்வைஃப் அக்கா புதன்கிழமை வருவார். காட்டுகிறேன்.

வாவியோரம்

எல்லோருக்கும் நன்றி. அப்போ சிகிச்சை என்ன? மருந்து தந்தால் தூங்கித் தூங்கிச் சோதனையைக் கோட்டை விடுவாளோ என்று அம்மாவுக்குப் பயம்.

இரவுப்பணி

இரண்டு வழி. தனியாகவும் செய்யலாம், சேர்த்தும் செய்யலாம்.

ஒன்று, பயத்தை நேரே சந்தித்து, கட்டாயச் செயலைச் செய்யாமல் இருக்கப் பழகும் பயிற்சி. 1966 இல் லண்டனில் விக்டர் மேயர் என்ற உளவியலாளர், வேறு சிகிச்சைகளில் பலன் கிடைக்காத இரண்டு பேருக்கு இப்படிச் செய்து காட்டினார். ஒருவர் கழுவுகிறவர். அவருடைய அறைக்குத் தண்ணீரை நிறுத்தி, தாதிமார் பக்கத்தில் இருந்து, பயப்படும் பொருட்களைத் தொடவைத்தார்கள். இரண்டு பேருமே நன்றாகத் தேறினார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் இன்றைய பயிற்சி.

மற்றது குளிசை. ஃபுளுஒக்செட்டின், செர்ட்ரலின் போன்றவை. அடிமையாக்கும் வகை இல்லை. கூடுதலானோர் இவற்றால் தூங்கி வழிவதில்லை, சிலருக்கு மட்டும் தொடக்கத்தில் வயிற்றுப் பிரட்டலோ தூக்கக் குழப்பமோ வரும். மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட ஓசிடிக்குக் கூடிய அளவு தேவைப்படுவது வழக்கம். பலன் தெரிய 8 முதல் 12 வாரம் வரை எடுக்கும். ஆக்கள் இங்கேதான் கைவிடுகிறார்கள். இரண்டு வாரம் குடித்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று கிளினிக் கொப்பியை அலுமாரிக்குள் வைத்துவிடுவார்கள். நிறுத்துவதென்றாலும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான்.

பழுகாமத்து மூத்தவர்

தண்ணீரை நிறுத்தினார்கள் என்கிறீர்கள். அந்தப் பிள்ளையின் தகப்பன் வாளியை ஒளித்ததும் அதுதானே? அது மட்டும் ஏன் பிழையாகப் போனது? விளங்கத்தான் கேட்கிறேன்.

கல்லடிப்பாலம்

ஐயா, நல்ல கேள்வி. நான் அந்தப் பயிற்சியைச் செய்தவன், சொல்கிறேன்.

என் தெரபிஸ்ட் முதலில் என்னைக்கொண்டு ஒரு பட்டியல் எழுதுவித்தார். எது குறைந்த பயம், எது கூடின பயம், பூச்சியத்திலிருந்து நூறு வரை. குறைந்ததில் தொடங்கினோம். எதைச் செய்வது என்று ஒவ்வொரு தடவையும் நான்தான் சம்மதித்தேன். அறையைப் பூட்டி ஒரு தரம் மட்டும் இழுத்துப் பார்த்துவிட்டு நடப்பது. பிறகு இழுத்துப் பார்க்காமலே நடப்பது. அப்புறம் பள்ளமுள்ள றோட்டில் திரும்பிப் பார்க்காமல் ஓடுவது. பயம் நெஞ்சில் ஏறும். அதோடேயே இருக்க வேண்டும். "ஒன்றும் நடந்திருக்காது" என்று மனதுக்குள் சொல்லி ஆறுதல் தேடினால் அதுவும் பார்த்தல்தான் என்று அவர் பிடித்துவிடுவார்.

வாளியை ஒளித்தால் அந்தப் பிள்ளைக்குப் பயம் வந்தது, சம்மதம் வரவில்லை. ஏன் செய்கிறோம் என்ற விளக்கமும் இல்லை. கிடைத்த முதல் சந்தர்ப்பத்தில் அயல் வீட்டுக் கிணற்றில் கழுவியிருப்பாள். அதோடு, இனி வீட்டில் யாரிடமும் உள்ளதைச் சொல்லமாட்டாள். நான் அப்பாவைக் குறை சொல்லவில்லை. பிள்ளையின் கையில் இரத்தத்தைக் கண்ட தகப்பன் வேறென்ன செய்வார்?

பழுகாமத்து மூத்தவர்

விளங்குகிறது தம்பி. அம்மம்மாவுக்கு நூல் கட்ட மனம் இருந்தால் கட்டட்டும், ஆனால் கிளினிக்குக்கும் போகட்டும் என்று சொல்லுங்கள். பெரிய மனுசியோடு சண்டை பிடித்தால் பிள்ளைக்குத்தான் கூடும்.

சம்மாந்துறை ராத்தா

அம்மா "இல்லை, படவில்லை" என்று பதில் சொல்வதை உடனே நிறுத்த வேண்டுமா? ஒரு தாயால் அது ஏலுமா?

இரவுப்பணி

உடனே வேண்டாம், சொல்லாமலும் வேண்டாம். அவள் அமைதியாக இருக்கும் நேரத்தில், கேள்வி வராத நேரத்தில், மூன்று பேரும் இருந்து கதையுங்கள். "நாங்க பதில் சொல்லச் சொல்ல இந்த நோய்தான் வளருது. உனக்கு எதில தொடங்கலாம் என்று படுது?" ஒரு கேள்விக்கு ஒரு தடவை மட்டும் பதில் என்று தொடங்கலாம். பிறகு இரவுக் கேள்விகளுக்கு இல்லை என்று. அவள் திரும்பக் கேட்கும்போது அம்மா சொல்ல வேண்டியது: "உனக்குப் பயமா இருக்கு என்று எனக்குத் தெரியுது மகள். இதுக்குப் பதில் சொல்றதில்ல என்று நாம கதைச்சிருக்கிறம். வா, தேங்காய் துருவித் தா." குரலில் எரிச்சல் இருக்கக் கூடாது. சில நாள் கேள்வி கூடும், கோபமும் வரும். அதற்கு அம்மா தயாராக இருக்க வேண்டும். அம்மாவுக்குத் துணையாக நீங்கள் இருக்க வேண்டும், தம்பி.

வாவியோரம்

நேற்று இந்த இழையைத் தங்கச்சியிடம் கொடுத்தேன். முழுக்க வாசித்தாள். கேட்கச் சொல்லி அவளே ஒரு கேள்வி தந்தாள்: "கழுவாமல் இருந்து, எவ்வளவு நேரம் போனாலும் பயம் குறையாவிட்டால் என்ன செய்வது?"

இரவுப்பணி

தங்கச்சிக்கு நேரடியாகவே எழுதுகிறேன். மகள், சில நாள் குறையும், சில நாள் குறையாது. குறையாத நாளும் வீண் இல்லை. "இந்தப் பயத்தோடு என்னால் ஒரு நிமிடமும் இருக்க ஏலாது" என்றுதான் இப்போது நம்புகிறாய். பயம் இருக்கும்போதே சோறு தின்றாய், ஒரு பாடம் படித்தாய், அம்மாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த நம்பிக்கை ஆடத் தொடங்கும். பயிற்சி தேடுவது அதைத்தான். ஆனால் கடினமான இடத்தில் தனியாகத் தொடங்காதே. பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கிட்டிய ஆதார வைத்தியசாலையிலும் மனநலக் கிளினிக் எந்த நாள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் கழுவலை மட்டும் சொல்லாமல், கேட்பது, முணுமுணுப்பது, அதற்கு முன் வருகிற எண்ணம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். எந்த எண்ணமாக இருந்தாலும் அவர்கள் அதை முன்பே கேட்டிருப்பார்கள். சொல்ல வாய் வராவிட்டால் ஒரு தாளில் எழுதிக் கொடு. கை வெடிப்புக்கும் அன்றைக்கே மருந்து கேளுங்கள்.

வாவியோரம்

எழுதத் தொடங்கிவிட்டாள். வியாழக்கிழமை கிளினிக் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். அப்பாவும் வருகிறார்.